காற்று இழுக்க, கால் திருப்ப... பட்ட வண்டியில் மூன்று நாள்

"அக்கா, விடு! கையை விடு!"

தம்பி கத்தியது காதில் விழுந்தது. கை கேட்கவில்லை. இரண்டு கைப்பிடிகளையும் முன்பைவிட இறுக்கிப் பிடித்தேன். அடுத்த நொடி மூன்று சக்கர வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஈர மணலில் வயிறு தேய ஏழெட்டு அடி இழுபட்ட பிறகுதான் விரல்கள் திறந்தன. அதுவரை சீறிக்கொண்டிருந்த பட்டம், கொடியிலிருந்து நழுவிய துணிபோலத் தொப்பென்று விழுந்தது.

என் பன்னிரண்டு வயது மகன் ஓடி வந்தான். "அம்மா, ஓகேவா?" என்று கேட்டான். நான் தலையாட்டியதும் அடுத்த கேள்வி: "அப்படின்னா இப்ப நான் ட்ரை பண்ணட்டுமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் அந்த வண்டியில் ஏறியிருந்தேன்.

சென்ற டிசம்பரில் இரண்டு வாரம் விடுப்பெடுத்து, மகனோடு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் வேலை செய்யும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய வார இறுதிப் பொழுதுபோக்கு 'கைட் பக்கி'. பெயரைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். நம் ஊரில் பக்கி என்றால் கோல்ஃப் திடலில் ஓடும் குட்டி வண்டி. தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்கு அது ஒரு செல்லத் திட்டு. இது இரண்டுமில்லை. இயந்திரம் இல்லாத, தரையோடு தரையாக இருக்கும் மூன்று சக்கர வண்டி. அதை இழுப்பது ஒரு பெரிய பட்டம்.

மாமாவின் வீடியோக்களைப் பார்த்த நாளிலிருந்தே என் மகனுக்கு அந்த வண்டிமேல் கண். தம்பியோ ஒரே நிபந்தனை போட்டான். "முதல்ல நீ கத்துக்க. என்ன ஆபத்துன்னு உனக்கே தெரியட்டும். அப்புறம் அவனை ஏத்தறதா வேணாமான்னு நீயே சொல்லு."

குதிரை இல்லாத கோச்சு

பட்டத்தைக் கட்டி வண்டி இழுக்கும் யோசனை புதிதல்ல. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஜார்ஜ் போகாக் என்ற பள்ளி ஆசிரியர், 1826இலேயே பட்டங்கள் இழுக்கும் கோச்சு வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அந்தக் காலத்தில் சாலைச் சுங்கம் வண்டியில் பூட்டிய குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இவர் வண்டியில் குதிரையே கிடையாதே! சுங்கச்சாவடிக்காரர்கள் வசூலிக்க வழியில்லாமல் விட்டுவிட்டார்களாம். டோல் கட்டியே மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை இழக்கும் நமக்குப் பொறாமை வரத்தான் செய்யும்.

அந்த மனிதர் தம் மகள் மார்த்தாவை நாற்காலியில் உட்கார வைத்துப் பட்டத்தால் வானில் தூக்கியும் பார்த்தார். அந்தச் சிறுமிதான் பின்னாளில் கிரிக்கெட் மேதை டபிள்யூ. ஜி. கிரேஸின் தாயானார்.

இன்று நாம் காணும் பக்கியைப் பரப்பியவர் பீட்டர் லின். கிறைஸ்ட்சர்ச்சுக்குத் தென்மேற்கே, ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள ஆஷ்பர்ட்டன் ஊரின் பட்டத் தயாரிப்பாளர். 1990 வாக்கில் அவர் உருவாக்கிய எளிய வண்டி, டென்மார்க்கின் ஃபானோ தீவு முதல் அமெரிக்காவின் வறண்ட ஏரிப் படுகைகள் வரை பரவியது. நெவாடா எல்லையில் உள்ள ஐவன்பா வறண்ட ஏரியில் தேர்ந்த ஓட்டுநர்கள் மணிக்கு 130 கிலோமீட்டரையும் தாண்டியிருக்கிறார்கள். அந்த வண்டியில் பிரேக் கிடையாது என்பதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

முதல் நாள்: வண்டியே கிடையாது

பெகாசஸ் விரிகுடாவை ஒட்டிய நீண்ட கடற்கரை. அலை இறங்கியிருந்த நேரம். ஈர மணல் தார்ச்சாலைபோல இறுகிக் கிடந்தது. பக்கி ஓட்ட அலை அட்டவணை பார்ப்பது அவசியம். உலர்ந்த மணலில் சக்கரம் புதைந்துவிடும்.

தம்பி வண்டியைக் காரிலிருந்து இறக்கவே இல்லை. சின்னப் பட்டம் ஒன்றைத்தான் பிரித்தான். இரண்டு சதுர மீட்டர். குச்சி இல்லை, காகிதம் இல்லை. இரண்டு அடுக்குத் துணிக்கு நடுவே வரிசையாக அறைகள். முன்பக்கத் திறப்பு வழியே காற்று புகுந்தால் மெத்தைபோல உப்பி, விமான இறக்கை வடிவம் பெறுகிறது. கைக்கு ஒரு பிடி. ஒவ்வொரு பிடியிலும் இரண்டு கயிறு: மேல் கயிறு இழுப்பதற்கு, கீழ்க் கயிறு அடக்குவதற்கு.

"காத்துக்கு முதுகைக் காட்டி நில்லு. உனக்கு முன்னால ஒரு கடிகாரம் இருக்குன்னு நெனச்சுக்க. தலைக்கு மேல பன்னிரண்டு மணி. இடது ஓரம் ஒன்பது, வலது ஓரம் மூணு. ஓரத்திலயும் உச்சியிலயும் பட்டம் சாதுவா இருக்கும். நடுவுல இறங்குச்சுன்னா எருமை மாதிரி இழுக்கும்."

சொன்னது அப்படியே நடந்தது. பன்னிரண்டு மணியில் பட்டம் சாந்தமாக நின்றது. வலது கையை லேசாக இழுத்தேன். வலப்பக்கம் சரிந்து என் முகத்துக்கு நேரே பாய்ந்தது. இரண்டு சதுர மீட்டர் துணி, 60 கிலோ எடையுள்ள என்னை நாலடி ஓட வைத்தது.

அன்று மனத்தில் பதிந்த கணக்கு ஒன்று உண்டு. காற்றின் வேகம் இரட்டிப்பானால் இழுவிசை இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகிறது. 10 நாட் காற்றில் விளையாட்டாகத் தெரியும் பட்டம் 20 நாட்டில் வேறு மிருகம். அதனால்தான் பழகியவர்கள் மூன்று நான்கு அளவுகளில் பட்டம் வைத்திருக்கிறார்கள். காற்று கூடக் கூடச் சிறிய பட்டம்.

இரண்டாம் நாள்: விட முடியாத கை

வண்டி இறங்கியது. இருக்கை தரையிலிருந்து ஒரு சாண் உயரம் இருக்கும். கால்களை நீட்டி, முன் சக்கரத்தின் இருபுறமும் உள்ள மிதிகளில் வைக்க வேண்டும். கைகள் பட்டத்துக்கு, கால்கள் திசைக்கு. வலது காலால் தள்ளினால் வண்டி இடப்பக்கம் திரும்புகிறது! கார் ஓட்டிப் பழகிய மூளைக்கு இது புரிய அரை மணி நேரம் ஆனது. அதுவரை பட்டமில்லாமல் மகன்தான் பின்னாலிருந்து தள்ளினான், சிரித்துக்கொண்டே.

மதியம் கிழக்கிலிருந்து கடற்காற்று எழுந்தது. ஆரம்பநிலைக்கு ஏற்ற காற்று என்றான் தம்பி. கடலிலிருந்து கரைக்கு வீசுவதால் பட்டம் நிலப்பக்கம் பறக்கும். வண்டி காற்றுக்குக் குறுக்கே, கரையை ஒட்டி நீளவாக்கில் ஓடும். அந்தத் திசையில் ஆள் நடமாட்டம் இல்லை என்று உறுதி செய்த பின்பே பட்டத்தை ஏற்றினோம்.

உச்சியிலிருந்த பட்டத்தை மெல்ல வலப்பக்கம் இறக்கினேன். வண்டி நகர்ந்தது. சத்தமில்லை, அதிர்வில்லை, சக்கரத்தின் கீழே மணல் மட்டும் சரசரத்தது. ஐம்பது மீட்டர், நூறு மீட்டர். எனக்கு நானே "ஹே!" என்று கூவிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு பலத்த வீச்சு. பட்டம் கடிகாரத்தின் நடுவுக்கு இறங்கியது. பயந்துபோய் இறுக்கிப் பிடித்தேன். மற்றதை மேலே படித்துவிட்டீர்கள். இருக்கையிலிருந்து இப்படிப் பிடுங்கி எறியப்படுவதற்கு இந்த ஓட்டுநர்களிடையே தனிப் பெயரே உண்டு: 'அவுட் ஆஃப் பக்கி அனுபவம்'.

தம்பி கோபத்தில் இருந்தான். விழுந்ததற்காக அல்ல. "உன் மணிக்கட்டுல பட்டை எதுக்குக் கட்டியிருக்கேன்?"

அந்தப் பட்டைதான் உயிர்காப்பு. அது கீழ்க் கயிறுகளோடு இணைந்திருக்கும். கைப்பிடிகளை விட்டுவிட்டால், இழுவை முழுவதும் கீழ்க் கயிறுகளுக்கு மாறி, பட்டம் மடங்கி விழுந்துவிடும். எங்கும் பறந்தும் போகாது. நாம் செய்ய வேண்டியது ஒன்றே: கையைத் திறப்பது. ஆனால் ஏதோ ஒன்று நம்மை இழுக்கும்போது உடம்பு சொல்வது 'இன்னும் இறுக்கிப் பிடி' என்றுதான். விடுவது யாருக்கும் இயல்பாக வருவதில்லை. பழக்கித்தான் வரவழைக்க வேண்டும்.

தலைக்கவசமும் முழங்கை, முழங்கால் காப்புகளும் போட்டிருந்ததால் ஒரு சிராய்ப்போடு தப்பினேன். அன்று மாலை வரை வண்டியில் ஏறவில்லை. நின்ற இடத்தில் பட்டத்தை ஏற்றுவதும், தம்பி "விடு" என்றதும் விடுவதுமாக இருபது தடவை. முதல் ஐந்தில் விரல்கள் தயங்கின. பத்துக்கு மேல் யோசிக்காமல் திறந்தன.

மூன்றாம் நாள்: நிற்கத் தெரிந்தால் ஓடலாம்

பிரேக் இல்லாத வண்டியை எப்படி நிறுத்துவது? பட்டத்தைப் பன்னிரண்டு மணிக்கு ஏற்றி, வண்டியின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்ப வேண்டும். இழுவை குறைந்து தானாக நிற்கும். அன்று முதலில் இதையே செய்துகொண்டிருந்தேன். பத்து மீட்டர் ஓட்டம், நிறுத்தம். இருபது மீட்டர் ஓட்டம், நிறுத்தம். பிறகு ஒரு முனையில் நிறுத்தி, இறங்கி, கையாலேயே வண்டியைத் திருப்பி, புறப்பட்ட இடத்துக்கே ஓட்டி வந்தேன். ஓடிக்கொண்டே திரும்புவது அடுத்த பாடம். அது எனக்கு இன்னும் வரவில்லை.

கைப்பேசியில் பார்த்தபோது என் உச்ச வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். அவ்வளவுதானா என்று தோன்றும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள், ஃபெராரி மாதிரி இருக்கும்.

நம் ஊரில் தொடங்க முடியுமா?

பட்டம் நமக்கு அந்நியமல்ல. வாவ் பூலான், 1989இல் வெளிவந்த நம் 50 காசு நாணயத்திலேயே இடம்பிடித்தது. பாசிர் கூடாங்கில் பட்டத் திருவிழாவும், சிங்கப்பூரின் மரினா பேரேஜ் புல்வெளியில் வார இறுதிப் பட்டங்களும் நாம் அறிந்தவை. ஆனால் பக்கிக்கு அகலமான, இறுகிய, ஆள் இல்லாத மணல் வேண்டும். குடும்பங்கள் கூடும் கடற்கரையில் அதை நினைத்தும் பார்க்கக்கூடாது. இறுகி நிற்கும் அந்த மெல்லிய கயிறு, குறுக்கே வருபவரின் தோலைக் கத்திபோல அறுக்கும்.

இருந்தாலும் பாடத்தின் முதல் பாதி பட்டம் மட்டும்தான். சின்னப் பயிற்சிப் பட்டத்தை ஆள் இல்லாத திறந்த திடலில் பழகலாம். காற்று 8 முதல் 12 நாட்டுக்குள் இருக்கட்டும். மின்கம்பி, மரம், சாலை, விமான நிலையம் அருகே வேண்டாம். இடி மழைக்கு அறிகுறி தெரிந்தாலே சுருட்டிவிடுங்கள். நம் ஊர் மழைக்கு முந்திய காற்று சொல்லாமல் வரும். மணிக்கட்டுப் பட்டை இல்லாத பட்டத்தை வாங்காதீர்கள். உடம்போடு பட்டத்தைப் பிணைக்கும் வார்ப்பட்டைகள் பழகியவர்களுக்கு மட்டுமே. தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் வண்டியில் ஏற வேண்டாம்.

கடைசியில் மகனுக்கு என்ன சொன்னேன்?

அவன் எடை 38 கிலோ. என்னையே பிடுங்கி எறிந்த காற்று அவனை என்ன செய்யும் என்று இப்போது எனக்குத் தெரியும். "இந்த வருஷம் வண்டி கிடையாது. நின்னுக்கிட்டே சின்னப் பட்டம் மட்டும்" என்றேன். முகம் சுருங்கியது. ஆனால் நான் மணலில் இழுபட்டதைப் பார்த்தவன்; வாதாடவில்லை.

தம்பி ஒன்றரைச் சதுர மீட்டர் பட்டத்தை அவன் கையில் கொடுத்து, மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிட்டான். எனக்கு வைத்த அதே பயிற்சி. பட்டம் ஏறியது. "விடு!" என்றான். பையன் கையைத் திறந்தான். மறுபடியும் ஏற்றம். "விடு!" திறந்தான். பத்துத் தடவையும் ஒரு நொடிகூடத் தயக்கமில்லை.

"எப்படிடா?" என்று கேட்டேன்.

"இதுல என்னம்மா கஷ்டம்? விட்டா விழும். அப்புறம் திரும்ப ஏத்திக்கலாம்."

கயிற்றில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, அடுத்த ஏற்றத்துக்குத் தயாரானான்.