ஸ்னாப்ஷாட்: வேட்டையில் பிறந்த சொல்

'ஸ்னாப்ஷாட்' என்ற ஆங்கிலக் கூட்டுச்சொல் கேமராவோடு பிறந்ததல்ல. 'ஸ்னாப்' என்றால் சட்டென்று. 'ஷாட்' என்றால் துப்பாக்கிச் சூடு. எழும்பிப் பறக்கும் பறவையை நிதானமாகக் குறிபார்க்காமல் சட்டெனச் சுடுவதையே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைக்காரர்கள் அப்படி அழைத்தார்கள்.

1860இல் வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல் அச்சொல்லை ஒளிப்படத்துக்குக் கொண்டுவந்தார். ஆனால் அன்றைய கண்ணாடித் தகட்டில் உருவம் பதிய, எதிரில் இருப்பவர் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும். 1888இல் கையடக்கமான கோடக் கேமரா வந்த பிறகே 'ஸ்னாப்ஷாட்' பொதுமக்கள் வழக்கில் பரவியது.

ஆங்கிலத்தில் படத்தைச் 'சுடுகிறார்கள்', தமிழில் 'பிடிக்கிறார்கள்'.