பெற்றோல் எஞ்சினும் மின்னணுக் கட்டுப்பாடும்

கந்தளாய்க் குளத்து நீரை வயலுக்கு விடுவோர் துருசைத் திறந்துவிட்டு வாளாவிருப்பதில்லை. பயிரின் பருவத்தையும் மழையையும் நோக்கியே நீரை அளந்து விடுவர். மிகினும் குறையினும் கேடு. பெற்றோல் எஞ்சினுக்கும் இவ்விதியே பொருந்தும்.

ஒரு கிராம் பெற்றோல் முற்றாக எரிதற்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். முன்னாளில் இவ்விரண்டையுங் கலந்தது காபரேற்றர். சிறு துளையும் காற்றின் உறிஞ்சலுமே அதன் அளவுகோல். எரிந்தபின் விளைந்தது யாதென அது அறியாது. 1967இல் பொஷ் நிறுவனத்தாரின் மின்னணு முறை வொல்க்ஸ்வாகன் 1600 காரில் எரிபொருளை அளந்து செலுத்தியது. 1979இல் அவர்களது மொற்றோனிக் முறை எரிபொருளையும் தீப்பொறியையும் ஒரே கட்டுப்பாட்டுப் பெட்டியின்கீழ்க் கொணர்ந்தது.

அப்பெட்டி செய்வது யாது? உட்புகுங் காற்று, எஞ்சினின் வெப்பம், வேகம் ஆகியவற்றை உணரிகள் அதற்கு அறிவிக்கின்றன. அதற்கேற்ப, இன்ஜெக்டர் என்னும் தெளிகருவி சில மில்லிசெக்கன் நேரமே திறந்து மூடுகின்றது. புகைபோக்கிக் குழாயிலுள்ள உணரி, எஞ்சிய ஒட்சிசனைக் கொண்டு கலவை செறிந்ததா மெலிந்ததா என்று சொல்ல, பெட்டி அளவைத் திருத்துகின்றது.

தீப்பொறியின் நேரமும் இவ்வாறே. நிமிடத்துக்கு 3000 முறை சுழலும் எஞ்சின் ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெக்கன் எடுக்கும். தீ பரவ 2 மில்லிசெக்கன் செல்லுமாயின், அதற்குள் சுழல்தண்டு 36 பாகை திரும்பிவிடும். ஆதலால் பிஸ்ரன் உச்சியை அடையுமுன்னரே பொறி தோன்ற வேண்டும். வேகங் கூடக்கூட இன்னும் முந்த வேண்டும். மிக முந்தினாலோ எஞ்சின் தட்டும். அவ்வதிர்வை ஓர் உணரி அறிவிக்க, பெட்டி பொறியைப் பிற்படுத்தும்.

2022இல் பெற்றோலுக்காக நெடுவரிசையில் நின்ற நாம் ஒவ்வொரு துளியின் அருமையும் அறிவோம். அவ்வாறிருக்க, எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் "கொம்பியூட்டர் பழுது" எனத் துணிந்து பெட்டியையே மாற்றுவது தகுமா? அழுக்கேறிய உணரியோ தளர்ந்த மின்கம்பியோ பொய்ச்செய்தி அனுப்பினும், பெட்டி அதை மெய்யென நம்பிப் பெற்றோலை மிகையாக விடக்கூடும். வாய்க்காலிற் பிழையிருக்கத் துருசை உடைப்பார் உளரோ? முதலிற் பரிசோதனைக் கருவியை இணைத்துக் குறியீட்டை வாசித்தல் வேண்டும். பின்னர்க் கம்பியையும் உணரியையும் அளந்து பார்த்தல் வேண்டும். பெட்டியை ஐயுறுவது இறுதியிலேயே.

இவ்வளவுக்கும் அடிப்படை, வகுப்பறையிற் கற்கும் மின்னியலும் இரசாயனமுமே. இத்தொழிலில் வல்ல பழைய மாணவர்கள் ஒரு நாளேனும் வந்து, இன்றைய மாணவர்க்கு ஓர் எஞ்சினைத் திறந்து காட்டுவாராயின், இவ்விழாவுக்கு அதனினுஞ் சிறந்த காணிக்கை வேறில்லை.