உம்மாவின் நெஞ்சு ஏன் படபடக்கிறது?

நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் நாலு பேர் கல்யாண வீட்டில் ஒன்றாக இருந்தால் ஒருவராவது இதைச் சொல்லுவார்: "சும்மா இருக்கக்குள்ளயே நெஞ்சு படபடக்கிது." அதற்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லும் பதில்களும் வழமையானவைதான். "வயசு போகுதுதானே", "நீங்க கூட யோசிக்கிறீங்க", "கண்ணூறா இருக்கும், ஓதிப் பாருங்க." அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

உயர்தர உயிரியலில் இதயத்தை ஓர் அலகிலும் ஓமோன்களை இன்னோர் அலகிலும் படிக்கிறோம். பரீட்சைக்கு அவை இரண்டும் வெவ்வேறு வினாக்கள். ஆனால் எமது தாய்மாரின் உடலில் அவை ஒன்றோடொன்று பிணைந்தவை. அந்தப் பிணைப்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது எந்தக் காலம்?

ஒரு பெண்ணுக்குத் தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அதை மாதவிடாய் நிறுத்தம் என்கிறோம். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 முதல் 55 வயதுக்குள் நிகழ்கிறது. ஆனால் அது ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அதற்கு முன் சில வருடங்கள் நீடிக்கும் ஒரு மாறுங்காலம் உண்டு. அக்காலத்தில் மாதவிடாய் சில வேளை பிந்தும், சில வேளை முந்தும், சில மாதங்களில் அளவுக்கு அதிகமாகப் படும். திடீரென உடல் சூடாகி வியர்க்கும், நித்திரை குழம்பும், காரணமின்றிக் கோபம் வரும். நெஞ்சுப் படபடப்பும் இந்த வரிசையில் வரும் ஒன்றே. மற்றவற்றைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இதயம் என்றதும் பயம் வந்து வாயை மூடிவிடுகிறது.

இதயத்தில் நடப்பது என்ன?

ஓய்வாக இருக்கும் வளர்ந்த ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை துடிக்கும். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் துடிப்புகள். அவற்றை நாம் உணர்வதேயில்லை. உணரத் தொடங்கினால் அதுவே படபடப்பு.

இதயம் தானாகவே துடித்தாலும் அதன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது தன்னாட்சி நரம்புத் தொகுதி. ஈஸ்திரஜன் ஓமோன் கருப்பையில் மட்டுமல்லாமல் மூளை, குருதிக்கலன்கள், இந்த நரம்புத் தொகுதி ஆகியவற்றிலும் செல்வாக்குச் செலுத்துகிறது. மாறுங்காலத்தில் சூலகங்கள் ஈஸ்திரஜனை ஒழுங்காகச் சுரப்பதில்லை. ஒரு வாரம் கூடும், மறு வாரம் குறையும். இந்த ஏற்ற இறக்கத்தால் மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பரிவகக்கீழ் குழம்புகிறது. சிறு வெப்பத்தையும் பெரிதாக எடுத்துத் தோலுக்குக் குருதியை அனுப்பச் சொல்கிறது. தோலின் குருதிக்கலன்கள் விரிகின்றன, முகம் சூடாகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது. சூடு தணிந்ததும் படபடப்பும் தணியும்.

இன்னொரு வகையும் உண்டு. துடிப்பு ஒன்று தவறிப் பின்னர் ஒரு பெரிய "தொப்" என்ற அடி விழுவது போல் இருக்கும். உண்மையில் அங்கே துடிப்பு தவறவில்லை. மேலதிகத் துடிப்பொன்று முந்தி வந்துவிட, அதன் பின் சிறு இடைவெளி ஏற்படுகிறது. அந்த இடைவெளியில் இதயம் கூடுதலான குருதியால் நிரம்புவதால் அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. ஆரோக்கியமானவர்களுக்கும் இது ஏற்படும். இரவில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை நெருங்குவதால் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

எல்லாவற்றையும் வயதின் மேல் போடலாமா?

கூடாது. இதுதான் நான் வலியுறுத்த விரும்பும் விடயம். "இது பிரமை" என்று ஒதுக்குவது எவ்வளவு பிழையோ, "எல்லாம் இந்த வயசில வாறதுதான்" என்று விட்டுவிடுவதும் அவ்வளவு பிழை.

என் உம்மாவின் அனுமதியோடு அவருடைய அனுபவத்தை எழுதுகிறேன். அவருக்கு வயது 47. "நெஞ்சுக்குள்ள கோழி ஒண்டு சிறகடிக்கிற மாதிரி இரிக்கி" என்று சொல்லுவார். படியேறினால் களைப்பு. ஈ.சி.ஜி. எடுத்தபோது எல்லாம் சரி என்றார்கள். பின்னர் வேறொரு வைத்தியர், "மாதவிடாய் எப்படி?" என்று கேட்டார். பல மாதங்களாகப் பத்து நாட்கள் வரை படுவதை உம்மா அப்போதுதான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னார். குருதிப் பரிசோதனையில் ஈமோகுளோபின் 8.9 என்று வந்தது. பெண்களுக்கு அது 12இற்குக் குறைந்தாலே குருதிச்சோகை. ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபின் குறைந்தால், இருப்பதை வைத்து ஈடுசெய்ய இதயம் வேகமாக ஓடத்தான் வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் அதிக குருதிப்போக்குக்கான சிகிச்சையும் கிடைத்து, சில மாதங்களில் அந்தக் கோழி பெரும்பாலும் அடங்கிவிட்டது.

தைரொயிட் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தாலும் படபடப்பு, வியர்வை, நித்திரையின்மை வரும். மாறுங்காலத்தின் அறிகுறிகளும் அவைதானே! குருதிப் பரிசோதனை செய்யாமல் இரண்டையும் பிரித்தறிவது கடினம். இழுப்புக்குப் பாவிக்கும் சில மருந்துகளும் தடிமலுக்கான சில மருந்துகளும்கூடப் படபடப்பைத் தரலாம்.

ஈ.சி.ஜி. சரியென்றால் உம்மா சொன்னது பொய்யா?

சாதாரண ஈ.சி.ஜி. பதிவு செய்வது சுமார் 10 செக்கன்களை மட்டுமே. நேற்றிரவு வந்துபோன படபடப்பு அதில் எப்படித் தெரியும்? இதற்காகத்தான் ஒரு நாள் முழுவதும் இதயத்துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவி இருக்கிறது. அமெரிக்க விஞ்ஞானி நோர்மன் ஹோல்டர் ஆரம்பத்தில் அமைத்த கருவி சுமார் 38 கிலோ எடையுடையது, முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. இன்றோ அது உள்ளங்கையில் அடங்கும். தேவையானால் வைத்தியர் அதற்குப் பரிந்துரைப்பார்.

நாம் வீட்டில் செய்யக்கூடியவை

முதலாவது, நாடி பார்க்கப் பழகுவோம். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் சுட்டுவிரலையும் நடுவிரலையும் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எத்தனை துடிப்பு, சீராக வந்ததா என்று பாருங்கள். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் திகதி, நேரம், நாடி, எவ்வளவு நேரம் நீடித்தது, அதற்கு முன் செய்தது அல்லது குடித்தது என்ன, மாதவிடாய் நாட்கள் ஆகியவற்றைக் குறியுங்கள். "இடைக்கிடை வரும் டொக்டர்" என்று சொல்வதைவிட இந்தக் கொப்பி வைத்தியருக்குப் பல மடங்கு உதவும்.

இரண்டாவது, படபடப்பு வரும்போது உட்கார வைத்து, ஆடையைத் தளர்த்தி, குளிர்ந்த நீர் கொடுத்து, மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடச் சொல்லுங்கள். நீண்ட வெளிமூச்சு இதயத்தின் வேகத்தைக் குறைக்க உதவும்.

மூன்றாவது, தேநீர். எமது வீடுகளில் சாப்பிட்டவுடன் சாயம் கூடிய பிளேன்டீ குடிப்பது வழக்கம். அதிலுள்ள கஃபீன் சிலருக்குப் படபடப்பைக் கூட்டும். அத்தோடு தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் தடுக்கிறது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுவது நல்லது. இரும்பு மாத்திரையைத் தேநீருடன் விழுங்கவே கூடாது.

நோன்பு காலத்தில் நீரிழப்பினாலும் படபடப்பு வரும். இஃப்தார் முதல் ஸஹர் வரை நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். மருந்து எடுப்பவர்கள் ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் ஆலோசனை பெறட்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையைப் பயன்படுத்த வெட்கப்படத் தேவையில்லை.

எப்போது தாமதிக்கக் கூடாது?

படபடப்புடன் நெஞ்சு வலியோ இறுக்கமோ, மூச்சுத்திணறலோ, மயக்கமோ வந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை இலவசமாக அழைக்கலாம். பெண்களுக்கு மாரடைப்பு சில வேளை தாடை வலி, முதுகு வலி, குமட்டல், கடும் களைப்பு என்றும் வரும் என்பதை மறக்க வேண்டாம். நாடி சீரற்றிருந்தால், ஓய்விலும் வேகம் குறையாவிட்டால், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென மரணித்திருந்தால் விரைவில் வைத்தியரைக் காண வேண்டும்.

மற்றவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். 35 வயதைத் தாண்டிய பெண்களை அங்கே இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். எமது பகுதி மருத்துவ மாதுவிடம் கேட்டால் நாளையும் இடத்தையும் சொல்லுவார்.

வாசிக்கும் வாப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. "கிளினிக்குக்குப் போக வேணும்" என்று உம்மாமார் தாமாகக் கேட்பது குறைவு. பிள்ளைகளின் வகுப்பு, சமையல், வீட்டு வேலை எல்லாம் முடிந்த பிறகுதான் தமது உடலை நினைப்பார்கள். நீங்களே ஒரு நாளைக் குறித்து அழைத்துச் செல்லுங்கள். தோழியரே, இன்றிரவு உங்கள் உம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும், "வேற என்னம்மா செய்யுது?" என்று கேளுங்கள். வெட்கத்தால் சொல்லாமல் இருந்த பல விடயங்கள் அப்போது வெளிவரக்கூடும். எமது தாய்மார் அனைவருக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக!