முள் ஏறுகிறது, கார் ஏறவில்லை

ஜெலாப்பாங்கைத் தாண்டி மெனோரா சுரங்கத்தை நோக்கி நெடுஞ்சாலை ஏறும் இடத்தில்தான் பல பழைய கார்களின் குட்டு வெளிப்படும். ஈப்போ டவுனுக்குள் சாதுவாக ஓடிய கார், மேட்டில் ஆக்சிலேட்டரை அழுத்தியதும் ஓவென்று கத்தும். ஆர்பிஎம் முள் 4,000-ஐத் தாண்டும், வேகமுள் மட்டும் அசையாது. ‘எஞ்சின் போச்சு’ என்பதுதான் உடனே வரும் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை நம்பி பிளக் மாற்றுவார்கள், எஞ்சின் எண்ணெய் மாற்றுவார்கள், பணம் கரையும், சத்தம் குறையாது. பலம் போன எஞ்சினாக இருந்தால் மேட்டில் அதன் முள் இறங்கித்தான் போகும், இப்படிப் பாயாது. சுற்றும் வேலையை எஞ்சின் ஒழுங்காகவே செய்கிறது. அந்தச் சுற்று சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் பழுது கிளட்சில் அல்லது கியர்பாக்ஸில் இருக்கும்.

இதற்குச் சாட்சி மீட்டரிலேயே இருக்கிறது. கைக்கியர் காரில் கிளட்ச் முழுதாகப் பிடித்திருக்கும்போது எஞ்சினும் சக்கரமும் ஒரே சங்கிலி. ஒரு கியரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு 2,000 சுற்று என்றால், அதே கியரில் 90-க்கு 3,000தான். முள் 3,500 காட்டி, வேகம் 70-ஐத் தாண்டவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்றே கொள்ளலாம். ஆட்டோ காரில் இந்தக் கணக்கு இவ்வளவு கறாராக இராது. டார்க் கன்வெர்ட்டர் எண்ணெய் வழியாகச் சுழற்சியைக் கடத்துவதால் கொஞ்சம் நழுவல் அதற்கு இயல்பு. முந்தும்போது ஆழமாக அழுத்தினால் கியர் ஒன்று இறங்கி முள் துள்ளுவதும் இயல்புதான், ஆனால் அப்போது கார் முன்னே பாய வேண்டும். பழைய நாலு கியர் ஆட்டோவில் ஓவர்டிரைவ் பட்டன் தெரியாமல் அணைந்திருந்தாலும் நெடுஞ்சாலையில் முள் உயர்ந்தே நிற்கும். கியர்பாக்ஸைக் கழற்றும் முன் அந்தப் பட்டனைப் பார்க்காத போர்மேனும் உண்டு! காலை எடுத்த பிறகும் எஞ்சின் உறுமுவது தனிக் கதை. த்ராட்டில் கேபிள் சிக்கியிருக்கலாம், காற்றுக்குழாய் கசியலாம், தரைவிரிப்பு மிதியில் மாட்டியிருக்கலாம்.

பழைய புரோட்டோன் சாகா, வீரா போன்ற கைக்கியர் கார்களில் முதல் சந்தேகம் கிளட்ச் பிளேட்மேல். வழுக்கல் மேல் கியரில்தான் முதலில் தெரியும், ஏனென்றால் அங்கே காரின் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள கியரின் உதவி குறைவு. சந்தேகம் தீர ஒரு சோதனை இருக்கிறது. ஆளில்லாத சமதரையில் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, மூன்றாம் கியரில் கொஞ்சம் எஞ்சினை ஏற்றி, கிளட்சை மெல்ல விட வேண்டும். எஞ்சின் அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது, அணையாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிட்டது. ஒரு முறை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே பிளேட்டை எரித்துவிடும். ஆனால் பிளேட் மாற்றுவதோடு வேலை முடிவதில்லை. கழற்றிய பிளேட் எண்ணெயில் ஊறியிருந்தால் பெரும்பாலும் எஞ்சினின் பின்பக்க சீல் கசிகிறது என்று பொருள், அதை விட்டுவிட்டால் புதுப் பிளேட்டும் அதே கதிக்குப் போகும். ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் தெரிந்தால் அது சூட்டில் வெந்திருக்கிறது. ‘ஓடுதே, ஓடட்டும்’ என்பவர்கள் அந்த நீலத் திட்டைப் பார்க்க வேண்டும். பிளேட்டோடு முடிய வேண்டிய செலவு ஃப்ளைவீலுக்கும் பரவுவது அப்படித்தான்.

ஆட்டோவில் முதலில் பார்க்க வேண்டியது கியர் எண்ணெய். அளவு குறைந்தால் அழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் கிளட்சுகள் பிடிக்காமல் நழுவும். நல்ல எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும், காபி நிறத்தில் கருகல் வாடை அடித்தால் உள்ளே ஏதோ எரிந்திருக்கிறது. சிராப் பண்டோங் போல வெளிறிய ரோஸ் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ரேடியேட்டருக்குள் உள்ள கியர் எண்ணெய்க் குழாய் உடைந்திருக்கலாம், அல்லது வெள்ளத்தில் கார் நின்றிருக்கலாம். அதற்குமேல் ஓட்டவே கூடாது. பழைய எண்ணெயை மாற்றினால் கியர்பாக்ஸ் செத்துவிடும் என்று பல ஒர்க்‌ஷாப்களில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஏற்கெனவே தேய்ந்துபோன கிளட்சின் தூள் எண்ணெயில் கலந்து கொஞ்சம் பிடிப்புத் தந்திருக்கும், புது எண்ணெயில் அது போய்விடும். கொன்றது தேய்மானம், பழி எண்ணெய்க்கு. அழுத்தம் கொடுத்து மொத்தமாக அலசாமல், வடித்து நிரப்பி, கொஞ்ச நாள் கழித்து மறுபடி வடித்து நிரப்புவது நிதானமான வழி.

குழப்பத்தைக் கூட்டியது, கியர்ப் படிகள் இல்லாமல் பெல்ட்டால் விகிதத்தை மாற்றும் சிவிடி என்ற ஆட்டோ கியர்பாக்ஸ். 2011-இல் சாகா எஃப்எல்எக்ஸில் வந்தது, 2019-இல் சாகா நாலு கியர் ஆட்டோவுக்குத் திரும்பியது. பெரோடுவாவோ 2021-இல் அத்திவாவிலும் புதுப்பித்த மைவியிலும் டி-சிவிடியைக் கொண்டுவந்தது. சிவிடியில் முள் முதலில் ஏறி நிற்கும், வேகம் பின்னால் வந்து சேரும். பழகாத காதுக்கு அது கிளட்ச் வழுக்குவது போலவே கேட்கும், ஆனால் அதன் வடிவமைப்பே அதுதான். மிதியை அசைக்காமல் வைத்திருக்கும்போது முள் தானாக ஏறி இறங்கினாலோ, புறப்படும்போது கார் உதறினாலோதான் பெல்ட்டைச் சந்தேகிக்க வேண்டும். சிவிடிக்கு உரிய எண்ணெயும் வேறு, சாதாரண ஆட்டோ எண்ணெயை ஊற்றினால் பெல்ட்டின் பிடிப்புக் கெடும்.

ஸ்கேன் மெஷின் இருக்க இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். பி0730 என்ற கோடு வந்தால் கியர் விகிதம் தப்பாக இருக்கிறது என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். எண்ணெய் குறைவா, சொலினாய்டு கோளாறா, கிளட்ச் எரிந்ததா என்று அது சொல்லாது. தேய்ந்த கைக்கியர் கிளட்சுக்கு வழக்கமாகக் கோடே வருவதில்லை. தப்பான தீர்ப்பின் செலவு காரையே நம்பியிருப்பவர்கள் தலையில்தான் விழும். பேராக்கில் ரப்பர் தோட்டங்கள் செம்பனையாகி, லயன் வீடுகளை விட்டுச் சுங்கை சிப்புட், புந்தோங் பக்கம் வந்த குடும்பங்கள் பலவற்றுக்கு வேலைக்கும் பள்ளிக்கும் ஒரே கால் அந்தச் செக்கன்ஹேண்ட் கார்தான். அவர்களிடம் ‘ஹாஃப்கட் கியர்பாக்ஸ் போட்டுவிடலாம், மலிவு’ என்பது சுலபம். பழைய காருக்கு அது நியாயமான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி வேறொரு காரில் எத்தனை கிலோமீட்டர் உழைத்தது என்று பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, வாரண்டி இருந்தாலும் சில வாரங்கள்தான் இருக்கும். சரி என்று சொல்லும் முன், பழைய எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் வடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.