புவியின் பல பகுதிகளில் நிலவின் கலைகள் தோன்றும் விதம்

நிலவின் கலைகள் என்பவை, நிலவின் ஒளிபெற்ற பாதியில் புவியிலிருந்து தெரியும் பகுதி நாள்தோறும் வளர்வதையும் தேய்வதையும் குறிக்கும். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை ஏறத்தாழ 29.5 நாட்கள் ஆகின்றன. ஒரே இரவில் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே கலைதான் தெரியும். ஆனால் அது வானில் சாய்ந்திருக்கும் விதம் இடத்துக்கு இடம் வேறுபடும்.

கலை மாறாதது ஏன்?

நிலவு சராசரியாக 3,84,400 கி.மீ. தொலைவில் உள்ளது. புவியின் விட்டமோ சுமார் 12,740 கி.மீ. மட்டுமே. ஆகவே புவியில் எங்கிருந்து பார்த்தாலும் பார்வைக் கோணம் மிகச் சிறிதளவே மாறுகிறது.

வலமும் இடமும்

லண்டனில் நிலவு உச்சம் அடையும்போது தெற்கு வானில் இருக்கும். தெற்கு நோக்கி நிற்பவருக்கு மேற்குத் திசை வலப்புறம் அமையும். சிட்னியில் நிலவைக் காண வடக்கு நோக்க வேண்டும். அங்கு மேற்கு இடப்புறம் அமையும். வளர்பிறையில் நிலவின் மேற்குப் பக்கம் ஒளிர்வதால், லண்டனில் வலப்பக்கமும் சிட்னியில் இடப்பக்கமும் ஒளிர்வதாகத் தெரியும். முழுநிலவில் நாம் முயல் என்று சொல்லும் கருமையான பகுதிகளும் இவ்விரு நகரத்தாருக்கும் ஒன்றுக்கொன்று தலைகீழாகத் தோன்றும்.

தோணிப் பிறை

நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் அடிவானத்தில் ஏறத்தாழ செங்குத்தாக இறங்குகிறது. மாலைப் பிறை அதற்கு நேர் மேலே நிற்பதால் கீழ்ப்பக்கம் ஒளிர்ந்து தோணிபோல் தெரியும். சென்னையில் மாசி, பங்குனி மாலைகளில் இதைத் தெளிவாகக் காணலாம். புரட்டாசியில் பிறையின் ஒளிரும் விளிம்பு வலப்புறமாகச் சாய்ந்திருக்கும்.

வளர்பிறை அரைநிலவு நண்பகலில் கிழக்கே எழும்போது அதன் ஒளிரும் பக்கம் மேல்நோக்கி இருக்கும்; நள்ளிரவில் மேற்கே மறையும்போது கீழ்நோக்கி இருக்கும்.

நாள் வேறுபாடு

முழுநிலவு என்பது உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே கணம். சனவரியில் அது இந்திய நேரப்படி இரவு 11 மணிக்கு நிகழ்ந்தால், லண்டனில் அப்போது மாலை 5.30, சிட்னியில் மறுநாள் அதிகாலை 4.30. எனவே நாட்காட்டியில் தேதி மாறலாம்.

எங்கும் பொருந்தும் விதி

பல பாடநூல் படங்கள் லண்டன் போன்ற வடபகுதிகளின் தோற்றத்தையே காட்டுகின்றன. "வலப்பக்கம் ஒளிர்ந்தால் வளர்பிறை" என்று மனப்பாடம் செய்த தமிழ்நாட்டு மாணவர், தோணிப் பிறையைக் கண்டால் குழம்ப நேரிடும். படம் தவறன்று, அது வரையப்பட்ட இடம் வேறு.

வலம், இடம் பாராமல் நேரத்தையும் திசையையும் பார்ப்பதே எளிது. சூரியன் மறைந்தபின் மேற்கு வானில் தெரிவது வளர்பிறை. விடியலுக்கு முன் கிழக்கு வானில் தெரிவது தேய்பிறை. இரண்டிலும் ஒளிரும் பக்கம் சூரியன் இருக்கும் திசையையே நோக்கியிருக்கும். சென்னை, லண்டன், சிட்னி மூன்றுக்கும் இவ்விதி பொருந்தும்.