ஹார்ட்கோர் பங்க் இசையும் பறையும்: சிதம்பரம், கடலூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

1980ஆம் ஆண்டையொட்டி அமெரிக்காவின் வாஷிங்டன், லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் வேரூன்றிய ஹார்ட்கோர் பங்க் இசை, மிகச் சுருங்கிய பாடல்களையும் கடுவேகத் தாளத்தையும் கத்தலை ஒத்த குரலையும் கொண்டது. பிளாக் ஃபிளாக், மைனர் திரெட், பேட் பிரெய்ன்ஸ் ஆகிய குழுக்கள் இதன் முன்னோடிகள். பெருநிறுவனங்களை நாடாது இசைத்தட்டுகளைத் தாமே வெளியிடுவதும், கூட்டத்துக்கு நடுவே நின்று பாடுவதும் இதன் வழக்கம். பேட் பிரெய்ன்ஸ் குழுவைச் சேர்ந்த கறுப்பினக் கலைஞர்கள் முன்னர் ஜாஸ் கலப்பிசை வாசித்தவர்கள் என்பது கருதத்தக்கது. முரட்டொலி அவர்களுக்கு இயலாமையன்று, தேர்வு. தமிழ் நிலத்தில் இவ்வாற்றலுக்கு நெருங்கிய ஒலி பறையினுடையது. ஆயின் இங்கு அது பலருக்குத் தேர்வாக அமையவில்லை.

பறையின் ஒலியாற்றல்

பறை ஆழம் குறைந்த மரச்சட்டத்தின் ஒருமுகத்தில் மாட்டுத்தோல் போர்த்த கருவி. குடம் போன்ற உட்கூடு இல்லாமையால் ஒலி உள்ளே சுழன்று மெருகேறுவதில்லை. அடித்தவுடன் வெடித்து வெளியேறுகிறது. தடித்த குறுங்குச்சி அழுத்தமான ஒலியையும், மெலிந்த நீண்ட மூங்கிற்குச்சி கூரிய ஒலியையும் எழுப்புகின்றன. வாசிக்குமுன் தோலைத் தீயில் காய்ச்சுதல் இன்றியமையாதது. ஈரம் தோலைத் தளர்த்தும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூர்க் கரையோரத்தில் பறை வாசிப்போர் வைக்கோலையும் சருகையும் தேடுவது இதனாற்றான். கருவியைத் தோளில் மாட்டி ஆடிக்கொண்டே வாசிப்பதால் தாளம் கையோடு நில்லாது காலுக்கும் பரவுகிறது. காண்போரும் அதில் ஈர்க்கப்படுகின்றனர்.

தில்லையும் தோலும்

தொல்காப்பியம் பறையைத் திணைதோறும் அமையும் கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. பிற்காலத்தில் அது சாவு வீட்டுக்கும் சாதித் தொழிலுக்கும் உரியதாக ஒடுக்கப்பட்டது. இம்முரண் தில்லையில் கூர்மையாகப் புலப்படுகிறது. கோயில்களின் முகக்கருவிகளுக்குப் போர்வைத்தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர் ஆதனூர் நந்தனார் எனச் சேக்கிழார் கூறுகிறார். அவர் தந்த தோல் கோயிலுள் ஒலித்தது. அவரோ வெளியே நின்றார். இசை வரலாற்றாசிரியர்கள் இச்செய்தியைப் பக்திக் கதையாக மட்டும் கடந்துபோவது குறையே.

1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் இசைக்கல்லூரி நிறுவினார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியது. தமிழில் பாடவேண்டும் என்ற அவ்வியக்கத்தின் கோரிக்கை மிக நியாயமானது. எனினும் அது மேடையில் ஒலிக்கும் மொழியை வினவிய அளவுக்கு, மேடையேறும் கருவியை வினவவில்லை.

மறுப்பும் மீட்பும்

தலித் இயக்கங்களில் பறை குறித்து இரு நிலைப்பாடுகள் உள்ளன. சாவுக்குப் பறையடிப்பதை இழிவெனக் கருதி அறவே கைவிட்டோர் ஒரு சாரார்; அதனையே விடுதலைக் கருவியாக ஏந்தியோர் மறுசாரார். இரண்டனுள் ஒன்றை மட்டும் முற்போக்கெனக் கொள்ளுதல் பொருந்தாது. கட்டாயத்தால் அடித்தவரின் பிள்ளைக்கு மறுப்பதே முதல் உரிமை. மறுக்கும் உரிமை வந்த பின்னரே பறை ஒரு கலைஞரின் தேர்வாகிறது. பங்க் இளைஞர்கள் தொடக்கத்திலேயே பெற்றிருந்த நிலை அது.

2018 சனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு இவ்விரு மரபுகளும் அணுகும் இடத்தைக் காட்டுகிறது. பா. ரஞ்சித்தின் முன்னெடுப்பில், தென்மா இசையமைப்பில் உருவான அக்குழு கானா, ராப், ராக் ஆகியவற்றைச் சாதி எதிர்ப்புச் சொற்களோடு இணைத்தது.

இன்று பயிற்சிக் குழுக்கள் பல தோலுக்கு மாற்றாகச் செயற்கைத் தகட்டைக் கையாளுகின்றன. அதற்குத் தீ வேண்டா, மழையும் இடையூறன்று. தோலைத் தொடத் தயங்கும் மாணவரும் எளிதில் ஏந்துவர். அத்தயக்கத்தின் காரணத்தையும் பயிற்சியில் பேசுகின்றார்களா என்பதே ஆய்வாளர் களத்தில் கேட்கவேண்டிய வினா.