தாம்பரத்தின் உச்சிவானமும் தெற்கு வானமும்

சித்திரை மாதக் கடைசியில், இரவு பத்து மணி வாக்கில் தாம்பரத்து மொட்டைமாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஜி.எஸ்.டி. சாலை வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த உச்சியில்தான், சுமார் 5.4 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேலக்ஸிகள் திரண்ட கன்னிக் கொத்து இருக்கிறது. தாம்பரம் ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் அந்தக் கொத்து கிட்டத்தட்ட நம் தலைக்கு நேர் மேலே கடந்துபோகிறது. அது நம் பால்வெளியை இழுத்துக்கொண்டும் இருக்கிறது.

அப்படியென்றால் நாம் அதில் போய் விழப்போகிறோமா? இல்லை. பிரபஞ்சம் விரிவதால் கன்னிக் கொத்து நொடிக்குச் சுமார் 1,000 கி.மீ. வேகத்தில் விலகியபடிதான் உள்ளது. ஈர்ப்பு அந்த விலகலைக் கொஞ்சம் குறைக்கிறது, அவ்வளவே. மேலேறும் எஸ்கலேட்டரில் ஒருவர் கீழ்நோக்கி மெதுவாக நடந்தாலும் மேலேதான் போவார், சற்றுத் தாமதமாக. 25 லட்சம் ஒளியாண்டிலேயே இருக்கும் ஆண்ட்ரமீடா கேலக்ஸியிடமோ ஈர்ப்பு முழுதாக வென்றுவிட்டது. அது நொடிக்கு 110 கி.மீ. வேகத்தில் நம்மை நெருங்குகிறது.

கேலக்ஸிகளின் இந்தச் சொந்த நடையை விரிவிலிருந்து பிரித்தெடுப்பதுதான் கடினமான வேலை. ஒளி எவ்வளவு சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் மொத்த வேகம் தெரிந்துவிடும். தொலைவைத் தனியாக அளந்து, அந்தத் தொலைவுக்குரிய விரிவின் வேகத்தைக் கழிக்க வேண்டும். தொலைவில் சிறு பிழை வந்தாலும் கணக்கு குலைந்துவிடும். நம் வேகத்தை அறிய மட்டும் வேறு வழி உண்டு. வானமெங்கும் பரவிய நுண்ணலைக் கதிர்வீச்சு ஒரு திசையில் துளி வெப்பமாகத் தெரிவதை வைத்து, பால்வெளியும் ஆண்ட்ரமீடாவும் உள்ள நம் கூட்டம் நொடிக்குச் சுமார் 620 கி.மீ. வேகத்தில் போவது தெரிந்தது.

கன்னிக் கொத்தின் இழுப்பு மட்டும் இதற்குப் போதாது. 1980களில் ஏழு வானியலாளர்கள் சுமார் 400 நீள்வட்டக் கேலக்ஸிகளை அளந்து, தென்வானில் ஒரு பெரும் ஈர்ப்பு மையம் இருக்கிறது என்றார்கள். ஆனி மாத இரவு பத்து மணிக்கு வண்டலூர்ப் பக்கம் திரும்பினால், அடிவானத்திலிருந்து சுமார் 16 டிகிரி உயரத்தில் நார்மா கொத்து இருக்கும் இடம்தான் அது. துரதிர்ஷ்டம், பால்வெளியின் தூசி அந்தப் பகுதியை மறைக்கிறது. ரேடியோ அலைகளைத் தூசியால் தடுக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கி அந்த மறைப்புக்குப் பின்னால் 883 கேலக்ஸிகளைக் கண்டதாக 2016இல் அறிவிப்பு வந்தது. அவற்றில் மூன்றில் ஒரு பங்கு அதுவரை எவரும் பாராதவை. இழுப்பின் ஒரு பகுதி அதற்கும் பின்னால், சுமார் 65 கோடி ஒளியாண்டில் உள்ள ஷேப்லி பெருங்கொத்திலிருந்து வருகிறது.

2014இல் வானியலாளர் பிரென்ட் டல்லியின் குழு, நார்மா பக்கமாக ஓடும் கேலக்ஸிகளையெல்லாம் ஒரே நீர்ப்பிடிப்புப் பகுதிபோல எல்லை போட்டு, 'லானியாகியா' என்று பெயரிட்டது. குறுக்களவு 52 கோடி ஒளியாண்டு. நம் முகவரியின் கடைசி வரி இது. ஆனால் இதன் பெரும்பகுதி ஈர்ப்பால் இறுகக் கட்டப்பட்டதல்ல. விரிவின் கை ஓங்கிக்கொண்டே போவதால் லானியாகியா கடைசியில் சிதறிவிடும்.